நிறுத்தின அப்புறம்தான் மூளைக்குள்ள நிறைய நடக்குது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போதை மறுவாழ்வு பத்தி உங்க பேப்பர்ல போன வாரம் வந்த கட்டுரைய படிச்சேன். நல்ல கட்டுரைதான், பூசி மெழுகாம எழுதியிருந்தாங்க, ஆனா அதுல கோகைனை நிறுத்தி ஒரு மாசம் தாண்டிட்டா மூளை பழையபடி ஆயிடும், அதுக்கு மேல மனஉறுதி இருந்தா போதும்னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். இடம் பத்தாம வெட்டித்தான் போடுவீங்க, தெரியும், பரவால்ல, ஆனா ஒரு மாசத்துக்கு அப்புறம் என்ன நடக்குதுங்கற பகுதிய மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க.

நான் டாக்டர் இல்ல. திசுல இருந்து புரோட்டீன் எடுத்து அளக்கற லேப்ல ரொம்ப காலம் டெக்னீஷியனா இருந்தவன், அதனால இந்த விஷயத்துல வர்ற ஆராய்ச்சிய படிக்கற பழக்கம் ஒட்டிக்கிச்சு, ரிட்டயர் ஆனப்புறமும் விடல.

முதல்ல அந்தக் கட்டுரைல சரியா இருந்ததை சொல்லிடறேன். கோகைன் உடம்புல ரொம்ப நேரம் தங்காது, ரத்தத்துல இருக்கற அளவு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துல பாதியாயிடும், அப்புறம் அதுலயும் பாதி, இப்படியே போயிடும். யூரின் டெஸ்ட்ல பிடிக்கறது கோகைனை இல்ல, அது உடைஞ்சு வர்ற பென்சாயில்எக்கோனின்னு ஒரு பொருளை, அதுவும் சில நாள்ல காணாம போயிடும், ரொம்ப அதிகமா எடுத்தவங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். ஆக, மருந்து உடம்ப விட்டு போயிடுச்சான்னு கேட்டா போயிடுச்சு, ஒரு மாசம்கூட வேணாம். ஆனா மூளை பழையபடி ஆயிடுச்சாங்கறது வேற கேள்வி, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பறதுலதான் பல குடும்பங்க ஏமாந்து போறாங்க.

கோகைன் என்ன பண்ணுதுன்னா, நரம்பு செல்லு வெளிய விட்ட டோபமைனை, அதாவது சுகத்தையும் ஆசையையும் கிளப்பற சேதி கெமிக்கலை, வேலை முடிஞ்சதும் திரும்ப உள்ள இழுத்துக்கற டிரான்ஸ்போர்ட்டர்னு ஒரு புரோட்டீன் இருக்கு, அதுல போய் உக்காந்துக்கும். இழுக்க வழி இல்லாம டோபமைன் வெளியவே தேங்கி நிக்கும், அதுதான் அந்த போதை. நோரா வோல்கோவ் குழு 1997ல மனுஷங்களை ஸ்கேன் பண்ணி பார்த்தப்போ அந்த டிரான்ஸ்போர்ட்டர்ல குறைஞ்சது 47 சதவீதமாவது அடைபட்டாத்தான் ஆளுக்கு போதையே தெரியுது, வழக்கமா எடுக்கற டோஸ்ல 60ல இருந்து 77 சதவீதம் வரைக்கும் அடைபடுதுன்னு வந்துச்சு. இதெல்லாம் சில நிமிஷத்துல ஆரம்பிச்சு சில மணி நேரத்துல முடியற கதை. திரும்பத் திரும்ப எடுக்கும்போதுதான் செல்லுக்குள்ள எந்த ஜீன் ஓடணும், எந்த புரோட்டீன் எவ்ளோ தயாராகணும்ங்கற அளவுக்கு விஷயம் இறங்குது.

அதுல ரொம்ப பேர் கேள்விப்பட்டது டெல்டா ஃபாஸ்-பி, எந்த ஜீன் ஓடணும்னு தீர்மானிக்கற ஃபாஸ் வகை புரோட்டீனுங்கள்ல ஒண்ணு. சாதாரண ஃபாஸ் வகை புரோட்டீனுங்க ஒரு டோஸுக்கு சட்டுனு ஏறும், சில மணி நேரத்துல சிதைஞ்சு போயிடும். டெல்டா ஃபாஸ்-பி அப்படி இல்ல, அது வால் பக்கம் வெட்டுப்பட்ட புரோட்டீன், சீக்கிரம் அழிச்சுடுன்னு செல்லுக்கு அடையாளம் காட்டற பகுதி அந்த வெட்டுப்பட்ட வால்லதான் இருந்துச்சு, அதனால செல்லு இதை லேசுல அழிக்க முடியாது. ஒவ்வொரு டோஸுக்கும் கொஞ்சம் கொஞ்சமா சேந்துகிட்டே வரும், நிறுத்தின அப்புறமும் வாரக்கணக்குல நிக்கும். எரிக் நெஸ்ட்லர் குழு 1990கள்ல இதை விலாவாரியா காட்டினாங்க. ஆனா இதுவும் ஒரு கட்டத்துல கரைஞ்சுடும், ரெண்டு மாசம் போனா பெருசா இருக்காது. அப்போ ரெண்டு மாசத்துக்கு அப்புறமும், ஏன் வருஷக்கணக்குக்கு அப்புறமும் ஆளுங்க திரும்ப விழறதுக்கு இது மட்டும் காரணமா இருக்க முடியாது. பத்திரிகைல எழுதறவங்க பெரும்பாலும் டெல்டா ஃபாஸ்-பி பேர் சொல்லி அதோட நிறுத்திடறாங்க, எனக்கு அது அரைகுறையா படுது. நிறுத்தும்போது உச்சத்துல இருந்து அப்புறம் இறங்கற புரோட்டீன் அது. எனக்கு சொல்ல வேண்டியது நிறுத்தினப்புறம் ஏறற புரோட்டீனுங்களை பத்தி.

ஆமா, ஏறுது. இங்கதான் பாதிப்பேர் நம்ப மாட்டாங்க.

1986லயே யேல்ல காவின், கிளேபர்னு ரெண்டு டாக்டருங்க கோகைனை விட்டவங்களை கவனிச்சு எழுதினாங்க, முதல் சில நாள் ஆளு அசந்து போய் தூங்கறாரு, ஆசையே இல்லன்றாரு, அப்புறம் வாரம் போகப் போகத்தான் ஆசை வருதுன்னு. அப்போ அது வெறும் கவனிப்பு. 2001ல அமெரிக்காவோட தேசிய போதைப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துல கிரிம், ஷஹாம் குழு அதை எலிகிட்ட அளந்தே காட்டிட்டாங்க. எலி ஒரு லீவரை அழுத்தினா ரத்தக்குழாய் வழியா கோகைன் போகும், கூடவே ஒரு சத்தமும் லைட்டும் வரும், இப்படி ஒரு நாளைக்கு 6 மணி நேரம்னு 10 நாள் பழக்கினாங்க. அப்புறம் கோகைனை நிறுத்திட்டு சில எலிகளை மறுநாளே சோதிச்சாங்க, சிலதை ஒரு வாரம் கழிச்சு, சிலதை ஒரு மாசம் கழிச்சு, சிலதை 60 நாள் கழிச்சு. சோதனைல கோகைன் கிடையாது, லீவரை அழுத்தினா அந்த சத்தமும் லைட்டும் மட்டும்தான். நியாயமா பார்த்தா நாளாக ஆக மறந்து அழுத்தறது குறையணும் இல்லையா, நடந்தது தலைகீழ், மறுநாள் சோதிச்ச எலிய விட ஒரு மாசம் காத்திருந்த எலி அதிகமா அழுத்துச்சு, 60 நாள் காத்திருந்தது அதையும் தாண்டுச்சு. நடுவுல ஒரு துளி கோகைன் யாரும் தரல, கூண்டுல சும்மா இருந்துச்சு, அவ்ளோதான். அப்புறம் 2004ல அதே குழு இன்னும் நீட்டி பார்த்தப்போ 1 மாசம், 3 மாசத்துல உயரமா இருந்தது 6 மாசத்துல இறங்கிடுச்சு. அதே வேலைல இன்னொண்ணும் கவனிச்சாங்க, லைட்டுக்கும் சத்தத்துக்கும் வர்ற ஆசைதான் இப்படி ஏறி இறங்குது, எலிக்கு கொஞ்சம் கோகைனையே குத்தி கிளப்பிவிட்டா வர்ற ஆசை அந்த 6 மாசமும் பெருசா மாறல. ரெண்டும் வேற வேற வழில ஓடுதுன்னு அர்த்தம்.

சரி, கூண்டுல சும்மா இருந்த எலியோட மூளைல என்னதான் மாறுச்சு? இதை எப்படி பார்க்கறாங்கன்னு கொஞ்சம் சொல்றேன், என் பழைய வேலைங்கறதால ஆசை விடல. மூளைய எடுத்த உடனே உறைய வெச்சிடணும், கைச்சூடு பட்டாகூட புரோட்டீன் சிதைய ஆரம்பிச்சிடும். அப்புறம் குளிர் மெஷின்ல மெல்லிசா சீவி, தேவையான இடத்துல, உதாரணத்துக்கு சுகம், ஆசை சம்பந்தப்பட்ட நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ்ங்கற பகுதில, வாய் திறந்த ஊசி மாதிரி இருக்கற பஞ்ச்சால ஒரு துணுக்கு எடுப்போம், கண்ணுக்கு ஒரு சின்ன வெள்ளை புள்ளி, அவ்ளோதான் இருக்கும். அதை ஐஸ் மேலயே வெச்சு கரைச்சு, ஜெல்ல ஓட்டி, மெம்பிரேனுக்கு மாத்தி, தேடற புரோட்டீன்ல மட்டும் ஒட்டற ஆன்டிபாடிய போட்டா அந்த புரோட்டீன் இருக்கற எடத்துல ஒரு கோடு தெரியும், கோடு எவ்ளோ அழுத்தமோ அவ்ளோ புரோட்டீன். எல்லா குழிலயும் ஒரே அளவு சாம்பிள்தான் போட்டிருக்கோம்னு காட்ட ஆக்டின் மாதிரி ஒரு பொது புரோட்டீனையும் கூடவே பார்ப்போம். இதுல ஒரு வேடிக்கை, நிறுத்தின எலிகள்ல அந்த ஆக்டின் இழையா கோக்கறதும் பிரியறதுமே மாறுதுன்னு பீட்டர் கலிவாஸ் குழு 2006ல காட்டிட்டாங்க, அப்போ மொத்த ஆக்டின் நிஜமாவே மாறாம இருக்கான்னு சரிபார்க்காம அதையே அளவுகோலா வெச்சுக்கறவங்க ரிசல்ட்டை நான் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துத்தான் நம்புவேன்.

இப்படி அளந்து வந்த முதல் பெரிய பேர் பிடிஎன்எஃப், நரம்பு செல் வளர உதவற புரோட்டீன். 2003ல கிரிம் குழு நிறுத்தி 1 நாள், 30 நாள், 90 நாள் ஆன எலிகள்ல பார்த்தாங்க, டோபமைன் செல்லுங்க இருக்கற விடிஏ பகுதி, அக்கம்பன்ஸ், பயம் ஆசை மாதிரி உணர்ச்சி சம்பந்தப்பட்ட அமிக்டலா, இந்த மூணுலயும் நாளாக ஆக பிடிஎன்எஃப் கூடிகிட்டே போச்சு. பக்கத்துலயே இன்னொரு வளர்ச்சி புரோட்டீன், என்ஜிஎஃப், அது அப்படி கூடல, ஆக எல்லாமே பொதுவா ஏறுதுன்னு சொல்லி தள்ளிட முடியாது. வெறும் கூடவே வர்ற விஷயமா, இல்ல காரணமேவான்னு பார்க்க, கடைசி கோகைன் முடிஞ்ச உடனே விடிஏல ஒரே ஒரு தடவை பிடிஎன்எஃப் செலுத்தினாங்க, அந்த எலிகளுக்கு வாரக்கணக்குல கோகைன் தேடல் கூடிப்போச்சு. ஆனா வேற ஒரு குழு அதே பிடிஎன்எஃப்பை, அதே மாதிரி கடைசி டோஸ் முடிஞ்ச உடனே, மூளையோட முன்பக்க கார்ட்டெக்ஸ்ல செலுத்தினப்போ தேடல் குறைஞ்சுது. ஒரே புரோட்டீன், இடம் மாறினா பலன் தலைகீழ். பிடிஎன்எஃப்பை ஏத்தினா மூளைக்கு நல்லதுன்னு கேப்சூல் விக்கறவங்க விளம்பரமும் உங்க பேப்பர்லயே வருது, அவங்க இதை படிச்சா நல்லா இருக்கும்.

ரெண்டாவது விஷயம் எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கறது. மூளைல சேதிய வாங்கற ரிசெப்டர்ல ஆம்பா ரிசெப்டர்னு ஒண்ணு, நாலு துண்டு சேர்ந்த புரோட்டீன். சாதாரணமா அந்த நாலுல குளூ-ஏ2ன்னு ஒரு துண்டு இருக்கும், அது இருக்கற வரைக்கும் அந்த வழியா கால்சியம் உள்ள வராது. கோகைனை நீண்ட நேரம் தானா அழுத்தி எடுத்துப் பழகின எலிகள்ல, நிறுத்தி ஏறக்குறைய ஒரு மாசம் ஆனப்போ, அக்கம்பன்ஸ் சினாப்ஸ்ல, அதாவது ரெண்டு நரம்பு செல்லு சேதி பரிமாறிக்கற இடத்துல, குளூ-ஏ2 இல்லாத ஆம்பா ரிசெப்டருங்க வந்து சேருதுன்னு மரினா வோல்ஃப் குழு 2008ல கண்டுபிடிச்சாங்க. இதுல கால்சியம் உள்ள போகும், கரண்ட்டும் பெருசா வரும், அதே லைட், அதே சத்தம், ஆனா அந்த செல்லு முன்ன விட பலமா பதில் சொல்லும். அந்த புது வகைய மட்டும் அடைக்கற ஒரு மருந்தை அக்கம்பன்ஸ்ல விட்டா ஏறின ஆசை இறங்குது. நிறுத்தின மறுநாள் அந்த எலிகளை பார்த்தா இந்த ரிசெப்டர் கிடையாது, ஒரு வாரத்துலயும் கிடையாது, எல்லாம் முடிஞ்சுதுன்னு நம்ம ஆளுங்க மூச்சு விடற நேரத்துலதான் வந்து உக்காருது. கட்டுரைல சொன்ன அந்த ஒரு மாசம்ங்கறது இது தொடங்கற நேரம் சார், முடியற நேரம் இல்ல.

இதை அளக்கறதுலயும் ஒரு நுணுக்கம் உண்டு, செல்லை மொத்தமா கரைச்சுட்டா உள்ள இருக்கற ரிசெப்டர் எது, மேல்பரப்புல வேலை செய்யறது எதுன்னு தெரியாது. அதனால கரைக்கறதுக்கு முன்னாடியே செல்லுக்குள்ள நுழைய முடியாத ஒரு ஒட்டற கெமிக்கலை போட்டு வெளிய நீட்டிகிட்டு இருக்கறதை மட்டும் ஒண்ணோட ஒண்ணு பிணைச்சிடுவாங்க, அது ஜெல்ல மேலயே கனமா நிக்கும், உள்ள இருந்தது கீழ வழக்கமான எடத்துக்கு இறங்கிடும். கோகைன் சமாச்சாரத்துல மொத்தம் எவ்ளோங்கறதை விட எங்க நிக்குதுங்கறதுதான் பல தடவை பதிலா இருந்திருக்கு, மொத்தத்தை மட்டும் அளந்துட்டு எதுவும் மாறலன்னு எழுதிட்டு போறது சுலபம்.

இப்போ ஒருத்தர் கேக்கலாம், அந்த பழைய நாள்ல மூளைல பட்ட காயம் இன்னும் ஆறல, அதைத்தான நீ சுத்தி வளைச்சு சொல்றேன்னு. இல்ல, இதுதான் நான் சொல்ல வர்றதே. சுண்டெலி மூளைல புரோட்டீனுங்களோட சராசரி ஆயுள் சுமார் 9 நாள்தான்னு 2010ல அளந்திருக்காங்க, சிலது மாசக்கணக்குல இருக்கும், பெரும்பாலானது அப்படி இல்ல. அப்போ 60வது நாள் நாம அளக்கற ரிசெப்டர் கோகைன் எடுத்த காலத்துல செஞ்ச ரிசெப்டரா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, அது நிறுத்தினப்புறம் புதுசா செஞ்சது. ஹாஸ்டல்ல பசங்க வருஷா வருஷம் மாறிகிட்டே இருந்தாலும் எந்த ரூம்ல எத்தனை கட்டில்ங்கறது மாறாம இருக்கே, அந்த மாதிரி. இதுக்கு நேரடி ஆதாரமும் இருக்கு. வோல்ஃப் குழுவே 2014ல, நிறுத்தி ரொம்ப நாளான எலியோட மூளைத் துண்டை எடுத்து, புது புரோட்டீன் தயாராகறதை தடுக்கற மருந்துல ஊற வெச்சாங்க, கொஞ்ச நேரத்துலயே அந்த கால்சியம் விடற ரிசெப்டருங்க சினாப்ஸ்ல இருந்து காணாம போச்சு. அதாவது அந்த நிலைமைய செல்லு தினம் தினம் உழைச்சு தாங்கிப் பிடிச்சிருக்கு, உழைப்பு நின்னா அதுவும் நிக்கும். இது கெட்ட சேதியா நல்ல சேதியான்னு கேட்டா நான் நல்ல சேதிம்பேன், தாங்கிப் பிடிக்கறது எதுவோ அதுல கை வைக்க முடியும். எம்குளூ-ஆர்1ன்னு இன்னொரு ரிசெப்டரை தூண்டினா இந்த ஆம்பா ரிசெப்டருங்க சினாப்ஸை விட்டு உள்ள இழுக்கப்படுதுன்னும், எலியோட ஆசை குறையுதுன்னும் அதே வருஷம் வந்துச்சு. மனுஷங்களுக்கான மாத்திரை ஆகற அளவுக்கு அது இன்னும் வரல.

மத்ததை சுருக்கமா சொல்லிடறேன். நரம்பு செல்லுக்கு பக்கத்துல இருக்கற ஆஸ்ட்ரோசைட் செல்லுல குளூட்டமேட்டை, அதாவது ஆம்பா ரிசெப்டருங்க வாங்கற சேதி கெமிக்கலை, உறிஞ்சி எடுக்கற ஜிஎல்டி-1ங்கற புரோட்டீன் கோகைன் பழகி நிறுத்தின எலிகள்ல குறையுது, அதனால குளூட்டமேட் சினாப்ஸ்ல வழியுது. அசிட்டைல்சிஸ்டீன்ங்கற மருந்தை கொடுத்தா எலில அது சரியாகுது, ஆசையும் குறையுது. மனுஷங்களுக்கு கொடுத்து பார்த்த 2013 பரிசோதனைல மொத்தமா பலன் இல்ல, ஆனா மாத்திரை ஆரம்பிக்கும்போதே நிறுத்தி இருந்த சின்ன குழுல மட்டும் கொஞ்சம் பலன் மாதிரி தெரிஞ்சுது. சின்ன குழு, அதை வெச்சு யாரும் கடைக்கு ஓட வேணாம், ஆனா ஒரு மருந்து வேலை செய்யுமா இல்லையாங்கறதே ஆளு அந்த மாற்றத்துல எந்த கட்டத்துல இருக்காருங்கறதை பொறுத்து இருக்கலாம்னு எனக்கு அது ஒரு யோசனைய குடுத்துச்சு.

டோபமைனை வாங்கற டி2 ரிசெப்டர் கதை வேற மாதிரி, அது குறையற பக்கம். வோல்கோவ் 1990கள்ல கோகைனை விட்டவங்களை பெட் ஸ்கேன்ல பார்த்தப்போ மூணு நாலு மாசம் கழிச்சும் அது கம்மியாவே இருந்துச்சு. பிறவிலயே கம்மியா, கோகைனால கம்மி ஆச்சான்னு மனுஷங்கள்ல சொல்ல முடியாது, அதனால மைக்கேல் நேடர் குழு குரங்குகள்ல முதல்லயே ஸ்கேன் எடுத்து வெச்சுகிட்டு ஆரம்பிச்சாங்க. 2006ல வந்த ரிசல்ட், ஒரு வாரம் எடுத்ததுக்கே 15ல இருந்து 20 சதவீதம் குறைஞ்சிடுச்சு. நிறுத்தினப்புறம் சில குரங்குக்கு மூணு மாசத்துல தேறிடுச்சு, சிலதுக்கு ஒரு வருஷம் ஆகியும் தேறல. ஒரே மருந்து, ஒரே லேப், ஒரே சாப்பாடு, அப்படி இருந்தும் குரங்குக்கு குரங்கு இவ்ளோ வித்தியாசம். இதை படிச்சதுல இருந்து இத்தனை நாள்ல சரியாகும்னு யாராவது தேதி குறிச்சு சொன்னா எனக்கு எரிச்சல்தான் வருது.

எலி குரங்கெல்லாம் சரி, மனுஷன்? மூளைல பஞ்ச் போட முடியாது, அதனால மறைமுகமாத்தான் பார்க்கணும். 2016ல ரீட்டா கோல்ட்ஸ்டீன் குழு கோகைனை விட்டு 2 நாள், 1 வாரம், 1 மாசம், 6 மாசம், 1 வருஷம் ஆன 76 பேரை எடுத்து, கோகைன் சம்பந்தமான படங்களை காட்டி மூளை அலைய பதியற ஈஈஜிய தலைல வெச்சு பார்த்தாங்க. ஆசை எவ்ளோ இருக்குன்னு வாய்ல கேட்டா நாள் கூடக்கூட கம்மின்னு பதில் வந்துச்சு. மூளை அலைய பார்த்தா வேற கதை, படத்துக்கு வர்ற பதில் ஒரு மாசம் ஆறு மாசம் ஆன ஆளுங்ககிட்டதான் உச்சமா இருந்துச்சு, ஒரு வருஷம் ஆனவங்ககிட்ட இறங்கியிருந்துச்சு. எலியோட வளைவும் இதுவும் ஒரே சாயல்.

இந்த ஆராய்ச்சிய ஒவ்வொரு குடும்பமும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல மகன் மறுவாழ்வு மையத்துல இருந்து வந்து ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு, ஆசையே இல்லப்பான்னு அப்பாகிட்ட அடிச்சு சொன்னான், மூணாவது மாசம் பழைய நண்பன் ஒருத்தன் போன் வந்துச்சு, அன்னிக்கு ராத்திரி போயிட்டான். அப்பா இன்னிக்கு வரைக்கும் பொய் சொல்லி ஏமாத்திட்டான்னுதான் சொல்லிகிட்டு இருக்காரு. அனுப்பி வெச்ச மையமும் உங்க பையனுக்கு மனசு இல்லன்னு சொல்லி ஒதுங்கிடுச்சு. அந்த பையன் சொன்னது அன்னிக்கு உண்மையாவே இருந்திருக்கலாம், அவனுக்கு தெரிஞ்சது அவ்ளோதான், அந்த நண்பன் குரல் கேக்கற வரைக்கும் உள்ள என்ன தயாராகி நிக்குதுன்னு யாருக்கும் காட்டற மீட்டர் எதுவும் வெளிய இல்லையே.

இதை வெச்சு ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாது, எல்லாம் புரோட்டீன் தலையெழுத்துன்னு எடுத்துக்கவும் கூடாது, அது இன்னொரு கோடி முட்டாள்தனம். மேல சொன்ன ஆம்பா ரிசெப்டர் மாற்றம்கூட எலி தானா லீவரை அழுத்தி எடுத்தாத்தான் வருது, அதே கோகைனை ஆளுங்க ஊசி போட்டு கொடுத்த எலிகள்ல வரலன்னு 2011ல காட்டியிருக்காங்க. மருந்து மட்டும் மூளைய மாத்தல, எதுக்காக, எப்படி, எந்த சூழல்ல எடுத்தோம்ங்கறதும் சேர்ந்துதான் மாத்துது. இன்னொண்ணு, நிறுத்தின காலத்துல எலிய விளையாட்டு சாமான், சுத்தற சக்கரம், துணைக்கு நாலு எலின்னு பெரிய கூண்டுல விட்டா அந்த லைட்டுக்கு வர்ற தேடல் குறையுதுன்னும் காட்டியிருக்காங்க. தனிக் கூண்டுல வெறுமனே காத்திருந்த எலிக்குத்தான் நான் மேல சொன்ன உச்சம் எல்லாம். ஒரு மாசம் ரூம்ல பூட்டி வெச்சு, போன புடுங்கி, அப்புறம் திடீர்னு பழைய இடத்துக்கே அனுப்பி வைக்கற முறை எந்த கூண்டு மாதிரி இருக்குன்னு மையம் நடத்தறவங்களே யோசிச்சுக்கட்டும்.

புரோட்டீனுங்களை ஒரே தடவைல ஆயிரக்கணக்கா அளக்கற மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வந்தப்புறம் பட்டியல் ரொம்ப நீண்டுபோச்சு, சினாப்ஸ் புரோட்டீன், செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியா புரோட்டீன், செல்லோட எலும்புக்கூடா நிக்கற புரோட்டீன்னு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றம் வருது. பட்டியல் போடறது பெருசில்ல, எதை திருப்பினா ஆசை திரும்புதுன்னு ஒவ்வொண்ணா சோதிக்கறதுதான் பெருசு, அந்த வகைல பிடிஎன்எஃப்பும் ஆம்பாவும் பாஸ் ஆனதாலதான் அதையே பிடிச்சு இவ்ளோ எழுதினேன். அதோட இந்த வேலைல பெரும்பகுதி பல வருஷமா ஆண் எலிகள்லயே நடந்துச்சு, பெண் எலிகளை சேர்க்க ஆரம்பிச்சது பின்னாடிதான், அதையும் மனசுல வெச்சுத்தான் படிக்கணும்.

கோகைன் பழக்கத்துக்குன்னு அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அங்கீகரிச்ச மருந்து இன்னிக்கு வரைக்கும் ஒண்ணுகூட கிடையாது. இருக்கறதுல நல்லா வேலை செய்யறதா திரும்பத் திரும்ப வந்திருக்கறது, யூரின் டெஸ்ட் சுத்தமா வந்தா ஒவ்வொரு தடவையும் சின்ன பரிசோ கூப்பனோ கொடுக்கற முறையும், கூடவே பேச்சு சிகிச்சையும்தான். அதுவும் சில வாரத்தோட விட்டுட்டா பலன் தேயுது. எதுக்கு லஞ்சம் கொடுத்து திருத்தணும்னு சிலர் கேக்கறாங்க, எனக்கு அந்த கேள்வி புரியல, வேலை செய்யற ஒண்ணை கௌரவத்துக்காக ஒதுக்கறதுல என்ன லாபம்.

கட்டுரை எழுதினவர்கிட்ட கேட்டுக்கறது இதுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க, மருந்து சில நாள்ல உடம்ப விட்டு போயிடும், ஆனா நிறுத்தி ஒரு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் பழைய ஆள், பழைய இடம், பழைய சாமான் பார்த்தா விழற ஆபத்து அதிகமாவே இருக்கலாம்னு போட்டா போதும். அடுத்த தடவை மறுவாழ்வு மையம் பத்தி எழுதும்போது எத்தனை பேர் முடிச்சுட்டு போனாங்கன்னு மட்டும் கேக்காம, போனவங்களை மூணாவது மாசமும் ஆறாவது மாசமும் யாராவது கூப்பிட்டு பேசறாங்களா, அதுக்குன்னு ஆள் போட்டிருக்காங்களான்னும் கேளுங்க. பதிலை மையத்து பேரோட போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகர், ரிட்டயர்டு லேப் டெக்னீஷியன்